ஊருணிப் படியில் குதிரை

பிள்ளையார்பட்டிக் குன்றிலிருந்து தொண்டிக் கடற்கரைக்குக் குதிரையில் போகிறேன்; இன்று இரண்டாம் நாள். உச்சிவெயில். தேவகோட்டை தாண்டியதும் குதிரை தண்ணீர் வாடை பிடித்து, கடிவாளத்துக்கு அடங்காமல் ஓடுகிறது. எதிரே ஊருணி. ஊரே குடிக்கும் தண்ணீர். அதில் யாரும் கால் நனைப்பதில்லை. குடத்தோடு நிற்கும் பெண்கள் சிதறுகிறார்கள்.

“ஐயா, குதிரையப் புடிங்க! குடிக்கிற தண்ணி!” என்று ஒருத்தி அலறுகிறாள்.

குதித்திறங்கி, குதிரைக்கு முன்னால் பாய்ந்து, அதன் மார்பில் கையை ஊன்றித் தடுக்கிறேன். அது என்னைப் படிப்படியாகக் கீழே நெருக்கிக்கொண்டு வருகிறது. கடைசியில், நல்லவேளை, நின்றுவிடுகிறது.

“பயப்படாதீங்க, கால் பட விடலை,” என்கிறேன், மூச்சு வாங்க.

அவள் என் கால்களையே பார்க்கிறாள்.

“குதிரை படியிலதான் நிக்குது. பூட்ஸ் காலோட தண்ணிக்குள்ள நீங்கதான் நிக்கிறீக.”