ஓர் உழவு மழை

ஸ்பீக்கரில் போட்ட கைப்பேசியை உள்ளங்கையில் ஏந்தியபடி, கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கடலைக்காட்டு வரப்பில் நான் நிற்கிறேன். இரண்டடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா. மறுமுனையில், ஜப்பானில், அக்கா. எங்கள் குடும்பப் படம் என்று என் மனதில் இருப்பது இதுதான்.

அக்காவுக்கு அங்கே மழையை அளக்கிற வேலை. உலகம் முழுக்கப் பெய்யும் மழையை ஒரே நாட்டின் செயற்கைக்கோளால் பார்த்துவிட முடியாது. ஓரிடத்தைக் கடந்துபோனால் அது திரும்பி வர நேரமாகும். அதனால் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா, நம் நாடு என்று பல நாட்டுச் செயற்கைக்கோள்களும் முறை வைத்துப் பார்க்கின்றன. பார்த்ததையெல்லாம் சேர்த்து ஒரே வரைபடமாக்கும் குழுவில் அக்காவும் ஒருத்தி. அங்கேயே உடன் வேலை செய்த ஜப்பான்காரரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அன்றோடு அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்தினார். மழைக்காக அத்தனை நாடுகள் ஒத்துப்போயின. எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை.

ஆனால் மழைப்பேச்சுக்கு மட்டும் விலக்கு இருந்தது. வரைபடத்தில் எங்கள் ஊர்மேல் மழை தெரிந்தால் அக்கா என்னைக் கூப்பிடுவாள். "அங்க மழையாடா? அப்பாவக் கேளு." மேலிருந்து பார்த்தது சரிதானா என்று தரையில் இருப்பவர் சொல்ல வேண்டுமாம். அதற்குத்தான் ஊர் ஊருக்கு மழைமானி இருக்கிறதே. இது அப்பாவிடம் பேச ஒரு சாக்கு என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அவர் மண்ணில் விரலைக் குத்தி, ஈரம் இறங்கிய ஆழம் பார்த்து, வேறெங்கோ பார்த்தபடி சொல்வார்: "ஒரு ஒழவு மழ பேஞ்சுதுன்னு சொல்லுடா." ஏர் ஓட்டும் அளவுக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. நடுவில் தூது போன எனக்கு இரண்டு பக்கமும் வசவுதான் கூலி.

ஒரு வருடம் ஆடி முடிந்தும் விதைக்க மழையில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டாள்; குரலில் அப்படியொரு சந்தோஷம். "நம்ம காட்டுமேல நல்ல மழ காட்டுதுடா. அப்பா இனி வெதைக்கலாமில்ல?"

காட்டில் புழுதி பறந்துகொண்டிருந்தது. அவள் மனம் நோக வேண்டாமென்று, "ஏதோ தூறுச்சுக்கா" என்று இழுத்தேன்.

அப்பா திரும்பினார். கைப்பேசியைப் பிடுங்கினார்.

"கண்ணு, அவன் பொய் சொல்றான். இங்க ஒரு சொட்டு வுழுகல. நாலு நாட்டுக்காரங்க பாக்கற கணக்கு. நம்மூட்டுப் பேச்ச நம்பி உம் பேரு கெட்றக்கூடாது."

 அக்கா அழுதபடி சொன்னாள்: "மேல பேஞ்சிருக்குதுங்கப்பா. கீழ வர்றதுக்குள்ள காத்துலயே காஞ்சிருச்சுங்க." வறண்ட சீமையில் அப்படியும் நடப்பதுண்டாம்.

"அப்படியா கண்ணு," என்றார் அப்பா. "நீ சாப்ட்டயா?"

அதைக் கேட்க அவருக்கு அத்தனை வருடம் பிடித்திருந்தது.

அப்பா போன தை மாதம் காலமானார். நேற்று அக்கா கூப்பிட்டாள். "அங்க மழையாடா?" அதே வரப்பில் நின்றேன். பக்கத்தில் யாருமில்லை, ஆனாலும் ஸ்பீக்கரில்தான் போட்டேன். குனிந்து விரலைக் குத்தினேன். ஒரு விரற்கணு ஆழத்திலேயே மண் உலர்ந்திருந்தது.

"மேல நனஞ்சிருக்குதுக்கா. ஆனா அப்பா இருந்தா இத மழன்னு சொல்ல மாட்டாரு."



"அப்ப மழ இல்லன்னே வெச்சுக்கறேன்டா," என்றாள்.