ஒகுயாமா வீட்டுக்கு நாலு கிண்ணம்

"இந்த வருஷமாவது வாசல்ல தீ ஏத்தும்மா, மினெகோ. என் தம்பி வழி தெரியாம நிக்கப் போறான்."

"நிக்கட்டும் அக்கா. போகாதீங்கன்னேன், கேட்டாரா? சொல்லச் சொல்லப் போனவரை நான் எதுக்குக் கூப்பிடணும்?"

"வாய் மட்டும் குறையல உனக்கு."

"அதையாவது விட்டுட்டுப் போனாரே!"

போன வருஷம் ஓபோன் பண்டிகைக்கு முதல் நாள், என் நாத்தனார் தோமிகோவும் நானும் பேசிக்கொண்டது இது. மறுநாள் நடந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பட்டப்பகல். நான் முழு நிதானத்தில் இருந்தேன்.

ஜப்பானின் வடக்கே யமகதாவில் எங்கள் நூடுல்ஸ் கடைக்கு அறுபத்தெட்டு வயது. ஊர் வழக்கப்படி சோபா நூடுல்ஸும் உண்டு, ராமென் நூடுல்ஸும் உண்டு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்களுக்குத்தான் போன் வரும். கொண்டுபோய்க் கொடுப்போம். சாப்பிட்டதும் கிண்ணங்களைக் கழுவி வாசலில் வைப்பார்கள்; மறுநாள் எடுத்துவருவோம். அப்படி ஒகுயாமா வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு பனிநாளில்தான், மூன்று வருஷத்துக்கு முன், வாய்க்கால் வளைவில் வண்டி சறுக்கி என் கணவர் ரியோசாகு இறந்தார்.

முன்னோர் வீடு திரும்பும் ஓபோனில் எல்லா வாசலிலும் வழிகாட்டும் தீ எரியும். என் வாசலில் மட்டும் இல்லை. கூப்பிடத்தான் ஆசை. முதலில் இறங்கிவரத்தான் மனமில்லை. அந்த வளைவுப் பக்கமும் நான் போனதில்லை. ஒகுயாமா பேச்சை யாரும் என்னிடம் எடுத்ததும் இல்லை.

ஆகஸ்ட் 13. மதியம் 2.47. மதிய வியாபாரம் முடிந்து, கடை வாசல் திரையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். போன் அடித்தது.

"ஒகுயாமா பேசறேன். விருந்தாளி வந்திருக்காங்க. குளிர் ராமென் மூணு. சோபா ஒண்ணு... வெங்காயத்தாள் வேண்டாம்."

வைத்துவிட்டார்.

வெங்காயத்தாள் இல்லாத சோபாவா? எனக்குத் தெரிந்து அப்படிச் சாப்பிட்ட ஆள் ஒருவர்தான்.

போகாமல் இருந்தால் பயந்தவள் ஆகிவிடுவேன். போனேன்.

3.20. வெயில் கொளுத்தியது. கதவு பாதி திறந்திருந்தது. விருந்தாளி வந்த வீட்டு முகப்பில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை...

"வச்சுட்டுப் போம்மா." உள்ளிருந்து குரல்.

நாலு கிண்ணங்களையும் படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஸ்ஸ்ர்ர்ர்..."

நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம். மூன்று பேர்.

பிறகு நாலாவது. இரண்டு சின்ன உறிஞ்சல்... ஒரு இருமல்... மறுபடி ஒன்று.

பதினாறு வருஷம் எதிரே உட்கார்ந்து கேட்ட சத்தம்.

திரும்பிப் பார்த்தேன்.

படியில் கிண்ணங்கள் இல்லை.

ஆனாலும் ஓடவில்லை.

"மெதுவா சாப்பிடுங்க!" என்று கத்தினேன். "புரையேறும்!"

சத்தம் நின்றது.

மறுநாள் காலை 10.05. நாலு கிண்ணமும் வாசலில் கவிழ்ந்திருந்தன. மூன்று, எல்லா வீட்டிலும் கழுவுவதுபோல் கழுவியவை. நாலாவது கிண்ணத்தின் அடிவளையம்கூடப் பளிச்சென்று இருந்தது. வீடுகளில் யாரும் அதைத் தேய்ப்பதில்லை. கடைக்காரன்தான் தேய்ப்பான்.

நிமிர்ந்தேன். கதவில் பூட்டு. பூட்டின்மேல் சிலந்தி வலை.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இங்க யாருக்கும்மா கொண்டுவந்தே? பெரியவர் ஏப்ரல்லயே ஆஸ்பத்திரில போய்ச் சேந்துட்டாரே! போன் லைனையும் வெட்டியாச்சு. பொண்ணு சென்தாய் ஊர்ல இருக்கு. அது ஓபோனுக்குக்கூட வரல..."

அன்று மாலை 6.30. என் வாசலில் சணல் தண்டுகளைக் குவித்துத் தீ வைத்தேன். தோமிகோ மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பைத்தியமா உனக்கு? நேத்து ஏத்தவேண்டியதை இன்னைக்கு ஏத்தறே? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். என் வாசல், என் புருஷன்."

வாய்க்கால் பக்கம் திரும்பினேன். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

"யாரு வீட்லயோ உக்காந்து சாப்பிட்டது போதும்... நம்ம வீட்டுக்கு வாங்க!"