குரலை வீட்டில் வைத்துவிட்டு வந்த அறிவிப்பாளர்

பாரிஸின் லா சப்பலில் மடுத்தீனைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், அவருடைய குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. கிழமை நாட்களில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை இறக்குவார். சனி, ஞாயிறு வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு அறிவிப்பாளர் ஆகிவிடுவார். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, மாதா திருநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல் எல்லாவற்றிலும் ஒலிவாங்கி அவர் கையில்தான் இருக்கும். "இந்தக் குரலுக்கு என்னத்துக்கு அண்ணை மைக்?" என்று கடை முதலாளி குணரத்தினம் கேட்பார். நியாயமான கேள்விதான்.

மாமன்மாரில் தொடங்கி கேக் செய்து கொடுத்தவர் வரைக்கும் எல்லோரையும் அடைமொழி போட்டு மேடைக்கு அழைப்பது அவர் வேலை. அவரை மட்டும் யாரும் அழைப்பதில்லை. விழா முடிந்ததும் கையில் ஒரு புரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதில் தனக்கு வருத்தமே இல்லை என்பார். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஆண்டவர் சுரேனைக் கொடுத்தார். அவன் ஓட்டிசம் என்கிற மதியிறுக்கம் உள்ள பிள்ளை, சத்தம் அவனுக்கு ஆகாது. குக்கர் விசிலடித்தாலே காதைப் பொத்துவான். அப்பா தொலைபேசியில் "ஹலோ" என்றால் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். மகன் தன் குரலை வெறுக்கிறான் என்று மடுத்தீன் முடிவே கட்டிவிட்டார். மேடைப் பேச்சைக்கூடக் குளியலறைக்குள் நின்று, கிசுகிசுத்த குரலில்தான் ஒத்திகை பார்ப்பார்.

சுரேனைச் சேர்த்திருந்தது ஒரு கத்தோலிக்க ஆண்கள் பாடசாலையில். பாரிஸில் இந்தக் காலத்தில் அப்படி ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே நீச்சலில் அவனை அடிக்க ஆள் இல்லை. "தண்ணிக்குள்ளை சத்தம் இல்லை" என்று ஒருநாள் அம்மாவிடம் காரணம் சொன்னான்.

போன வருடப் பரிசளிப்பு விழாவில் அவன் பெயரைக் கூப்பிட்டதும் மடுத்தீனால் அடக்க முடியவில்லை. துள்ளி எழுந்து, "அதோ வருகிறான் எனது மகன்!" என்று கலியாண மண்டபக் குரலில் முழங்கினார். எபினேயிலிருந்து வந்திருந்த சொந்தங்கள் விசிலடித்தன. சுரேன் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டான். கிண்ணத்தை வகுப்பாசிரியர்தான் வாங்கினார். அன்றைக்கு மகன் பிரெஞ்சில் சொன்ன ஒரே வாக்கியம், இனி நீங்கள் வரவேண்டாம் என்பது. மடுத்தீனுக்கு அது நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடமும் சுரேனுக்குத்தான் பரிசு. அவனுடைய வகுப்புப் பையன்களே கூடி ஒரு முடிவெடுத்து அதிபரிடம் போனார்களாம். விழாவில் யாரும் கைதட்டக்கூடாது, காது கேளாதவர்கள் செய்வதுபோல இரண்டு கைகளையும் தூக்கி அசைக்க வேண்டும். சுரேனுக்கு மட்டுமில்லை, எல்லாப் பையன்களுக்கும் அப்படித்தான். அதிபர் சம்மதித்துவிட்டார். பரிசு வாங்குகிறவன் விரும்பினால் தன் வீட்டு மொழியில் இரண்டு வார்த்தை பேசலாம் என்றும் அறிவித்தார்.

"அப்பாவும் வரட்டே?" என்று அம்மா ஷிரோமி மெல்லக் கேட்டாள். சுரேன் நிபந்தனை போட்டான்.

"ஓம். ஆனா குரலை வீட்டிலை வைச்சிட்டு வரவேணும்."

மடுத்தீன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். பக்கத்தில் ஷிரோமியின் தம்பி றொமேஷ் பையோடு வந்து உட்கார்ந்தான். பைக்குள் எட்டிப் பார்த்தவருக்கு உயிரே போய்விட்டது. பிறந்தநாளுக்கு வெடிக்கிற காகிதப்பூக் குழாய்!

"விசரே உனக்கு? அதை இஞ்சை தா!" என்று கிசுகிசுத்தார்.

"சும்மா ஒரு சந்தோசத்துக்கு, அத்தான்..."

பிடுங்கிய குழாயை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழே வைத்தால் றொமேஷ் எடுத்துவிடுவான். பச்சைக் குழந்தையைப்போல மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

சுரேனின் பெயரைக் கூப்பிட்டார்கள். மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்து அசைந்தன, ஒரு சத்தம் இல்லை. எபினேச் சொந்தங்கள்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அசைத்தார்கள். அவர்கள் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. மடுத்தீனுக்கோ முழக்கம் தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து விழுங்கினார்.

சுரேன் நிதானமாக நடந்துவந்து கிண்ணத்தை வாங்கினான். போய்விடுவான் என்று பார்த்தால், நேரே ஒலிவாங்கியின் முன்னால் நின்றான். தலையைக் கொஞ்சம் சரித்து, மெதுவாகத் தொண்டையைச் செருமினான். அது அப்படியே மடுத்தீனின் செருமல்.

"பேரன்புக்குரிய பெரியோர்களே, தாய்மார்களே," என்று கிசுகிசுப்பாகத் தொடங்கினான். மடுத்தீன் திடுக்கிட்டு ஷிரோமியைப் பார்த்தார்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் குளியலறைக் கதவடியிலை நிண்டு கேக்கிறவன்," என்று அவள் அவர் காதுக்குள் சொன்னாள். "உங்களிட்டைச் சொல்லக்கூடாதெண்டவன்."

"...மன்னார் மண்ணில் பிறந்தவரும், லா சப்பல் எங்கும் புகழ்பெற்ற அறிவிப்பாளரும், எனது தந்தையுமாகிய திருவாளர் மடுத்தீன் அவர்களை, எழுந்து நிற்குமாறு அன்புடன் அழைக்கின்றேன்."

எத்தனையோ பேரை மேடைக்கு அழைத்த மனிதருக்குத் தன் பெயர் கேட்டதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஷிரோமி இடித்த பிறகுதான் எழுந்தார். தமிழில் ஒரு சொல்லும் விளங்காத பையன்கள்கூடத் திரும்பி அவரைப் பார்த்துக் கையை அசைத்தார்கள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனந்தம் தாங்காமல் அவரும் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தார். ஒரு கையில் இன்னும் அந்தக் குழாய் இருந்தது. றொமேஷ் பாய்ந்து அதை வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்தான்.

மேடையில் சுரேன் பொறுமையாகக் காத்திருந்தான். கைகளெல்லாம் இறங்கியதும் மறுபடி ஒலிவாங்கிக்குக் குனிந்தான்.

"நன்றி. தாங்கள் அமரலாம்."

மடுத்தீன் மறுபேச்சில்லாமல் அமர்ந்தார்.