எருமையின் விலாவில் இருக்கும் சிவப்பு

சென்னை பாடியில் கூரைகூட இல்லாமல் ஆரம்பித்த வெல்டிங் பட்டறை, திருமழிசைத் தொழிற்பேட்டையில் பதினொரு ஷெட், பட்டாபிராமில் இரண்டு மாடி வீடு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இந்தக் கையால் கட்டியவை இவை. இவற்றோடு ஓர் எருமையையும் சேர்க்க வேண்டும்.

பட்டறைக்குப் பக்கத்தில் போர்டு எழுதும் ஓவியர் ஒருவர் இருந்தார். போர்டு மட்டுமா? சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் குடில் செய்வார், அம்மன் தேருக்குப் பொம்மை செய்வார், தபேலாவும் வாசிப்பார். எதைப் பாராட்டினாலும், “எல்லாம் எங்க ஸ்கூலு போட்ட பிச்சை” என்பார். நகரத்தில் அவர் படித்த ஓவியப் பள்ளி அது. அந்த வழியாகப் பஸ் போனால் மரியாதைக்கு எழுந்து நிற்பார். இறங்கப்போகிறார் என்று கண்டக்டர் விசில் அடித்துவிடுவார்.

எண்பதுகளின் கடைசியில், பழைய மாணவர் விழாவுக்கு முற்றத்தில் வைக்க அவரிடம் ஒரு சிற்பம் கேட்டது அந்தப் பள்ளி. லாரி ஸ்பிரிங் பட்டை, சைக்கிள் செயின், பல்சக்கரம் எல்லாம் சேர்த்து ஓர் எருமை என்று முடிவானது. அவர் சாக்பீஸால் தரையில் வரைந்தார், நான் பற்றவைத்தேன். நாலு காலும் ஆடாமல் நின்றதே, அது என் வேலை.

“மழைல நனையட்டும் அண்ணாத்தே. துருதான் அதுக்குத் தோலு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

துருவா? துருவைத் தடுக்கும் அந்தச் சிவப்புப் பூச்சு, ரெட் ஆக்சைடு, பூசாமல் என் பட்டறையிலிருந்து ஒரு கொக்கிகூட வெளியே போனதில்லை. எருமைக்கு இரண்டு கோட் அடித்தேன்.

விழாவன்று காலை லாரியோடு வந்தவர் தலையில் கைவைத்தார்.

“இன்னா அண்ணாத்தே இது! எருமைக்கு எவனாச்சும் லிப்ஸ்டிக் பூசுவானா?”

“துருப்பிடிச்ச மாட்ட எவன் நைனா வாங்குவான்?”

“விக்கவா போறேன்? எங்க ஸ்கூலுக்குக் குடுக்கறேன்யா!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பி பிரஷ்ஷை எடுத்து இருவரும் சுரண்டினோம். மதியத்துக்குள் முதுகும் வயிறும் தேறிவிட்டன. விலா எலும்பு இடுக்கில் மட்டும் பிரஷ் நுழையவில்லை. அப்படியே ஏற்றிக்கொண்டு போனோம்.

அவருடைய பழைய ஆசிரியர் எருமையை மூன்று முறை சுற்றிவந்து விலாவில் விரலை வைத்தார். “இந்தச் சிவப்பு, உள்ள ரத்தம் ஓடுற மாதிரி இருக்கு. யார் யோசனை?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“அண்ணாத்தேதான் சார். வாணாம்னாலும் கேக்கல” என்றார் ஓவியர், வாயெல்லாம் பல்லாக.

இன்று அவர் இல்லை, எருமை நிற்கிறது. பீடக் கல்லில் அவர் பெயர் மட்டும்தான். கல்லை முன்பே செதுக்கிவிட்டோம் என்றார்கள் அன்று பள்ளியில். அவர் பெயர் மேலேயே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. கீழே நாலு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ‘இரும்பு வேலையும் சிவப்பும்: பாடி பட்டறைக்காரர்’ என்று அங்கே செதுக்குங்கள், பள்ளிக்காரர்களே. ஆள் கிடைக்காவிட்டால் சொல்லியனுப்புங்கள், தகட்டில் வெட்டி நானே கொண்டுவருகிறேன். ரெட் ஆக்சைடு அடித்து.