அரூரிலிருந்து வந்த ஜீப்

நாற்பத்தெட்டு வயதில் கோகிலவாணி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது, அது எதற்கென்று காரிமங்கலத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓசூரில் இருக்கும் மகள் கார் வாங்கித்தரப் போகிறாளாம் என்றார்கள். வாதம் வந்த புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோக்காரரிடம் கெஞ்சிக் கெஞ்சிச் சலித்துவிட்டாளாம் என்றார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை. பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் அவள் சத்துணவு அமைப்பாளர். அரிசிக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் கணக்குக் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவள், இதற்கு மட்டும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. விடுமுறை நாள்களில் பஸ் பிடித்து தர்மபுரிக்குப் போய், சொல்லிக்கொடுத்தவரிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வழியாக லைசென்ஸ் எடுத்துவிட்டாள்.

அவள் வாங்க நினைத்தது கார் இல்லை. தார்ப்பாய்க் கூரை போட்ட, நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். மாதேஷுக்காக.

மாதேஷ் அவள் கணவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெகுகாலம் குஷன் கடை வைத்திருந்தவர். லாரி சீட், டிராக்டர் சீட், ஆட்டோக் கூரை எல்லாம் தைப்பார். ஆனால் ஒரு ஜீப் வந்து கடை முன்னால் நின்றுவிட்டால் மற்ற வேலையெல்லாம் தள்ளிப்போகும். அளவெடுக்கிற சாக்கில் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். தைத்து முடித்ததும், கூரை குலுக்கலுக்குத் தாங்குகிறதா பார்க்க வேண்டும் என்று வண்டிக்காரரோடு சேர்ந்து வத்தல்மலை, சித்தேரி என்று மண் ரோட்டில் ஏறி இறங்கிவிட்டு வருவார். அப்படிப் போய்வந்த நாள்களில் சாப்பாட்டுத் தட்டின் முன் பேச்சு நிற்காது. எந்த வளைவில் எந்த கியர், எந்தப் பாறையில் சக்கரம் தூக்கியது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கோகிலவாணி 'ம்' கொட்டிக்கொண்டே, நாளைக்கு முட்டை வண்டி நேரத்துக்கு வருமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு சந்தை நாளில் அவர் நிஜமாகவே ஒரு ஜீப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். பாலக்கோட்டில் ஒருவர் விற்கிறார் என்றும், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லச் சொல்லிச் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்றும் பிறகுதான் தெரிந்தது. அப்போது வீடு பாதியில் நின்றது. சுவர் எழும்பி, மேலே தளம் போடாமல் தகரத்தைப் போட்டு மூடியிருந்தார்கள். மகள் சந்தியா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஹாரன் சத்தம் கேட்டு அக்கம்பக்கமெல்லாம் வெளியே வந்துவிட்டது. மாதேஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சிரித்த முகமாக, ஏறு என்று பக்கத்து சீட்டைக் காட்டினார்.

அவள் ஏறவில்லை. கையில் இருந்த முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இத்த வெச்சுக்கிட்டு எந்த மலைய ஏறப்போறீங்க? தலைக்கு மேல தளம் இல்ல, துணிக்கூரை வண்டி கேக்குதா? வந்த வழியே கொண்டுபோய் வுட்டுட்டு வாங்க" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். மாதேஷும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எஞ்சினை அணைக்காமலே வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார், சந்தைக்குப் போய்வந்தவர் மாதிரி கையில் ஒரு பை கத்திரிக்காயோடு. அதற்குப் பிறகு வீட்டில் ஜீப் பேச்சே கிடையாது. மலைக்குப் போய்வந்தாலும் சொல்லமாட்டார். சட்டையில் ஒட்டியிருக்கும் செம்மண்ணைப் பார்த்து அவளாகத் தெரிந்துகொள்வாள். அவர் பேசாமல் இருப்பது அப்போது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

வீடு முடிந்தது. சந்தியா படித்து முடித்து, ஓசூரில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆனது. அப்பாடா என்று உட்கார்ந்த வருடத்தில் மாதேஷுக்கு வாதம் வந்தது. கடையில், தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். பேச்சு மெல்லத் திரும்பியது. கால் ஓரளவு திரும்பியது. இடது கை மட்டும் திரும்பவில்லை. ஒற்றைக் கையால் தார்ப்பாயைப் பிடிப்பது எப்படி, ஊசிக்குக் கீழே தள்ளுவது எப்படி? கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள்.

அதன்பின் அவர் பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பார். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த கோகிலவாணி பின்னால் நின்று எட்டிப்பார்த்தாள். ஏதோ வெளிநாட்டில் ஒரு ஆள், துருப்பிடித்த பழைய ஜீப்பைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தான். மறுநாளும் அதே ஆள். அதற்கடுத்த நாளும் அதே ஆள். மாதேஷ் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் அணையாமல் வாசலில் நின்ற வண்டியும், அதில் அவர் காட்டிய சீட்டும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அந்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

ஜீப் அரூரில் உசேன் பாயிடம் கிடைத்தது. உசேன் பாய் சித்தேரிப் பக்கத்து மலை ஊர்களுக்கு நெடுங்காலம் ஜீப் ஓட்டியவர். பொண்ணு மாப்பிள்ளை, பிரசவ வலி, புளி மூட்டை எல்லாம் அந்த வண்டியில்தான் ஏறி இறங்கின. ரோடு நன்றாகி, பஸ்ஸும் போகத் தொடங்கியதும் அவர் வண்டியைத் தகரக் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டார். அந்த வண்டிக்குக் கூரை தைத்தது மாதேஷ்தான். போனில் பேசியபோது கோகிலவாணி வாதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மாதேஷிடம் ஜீப்பைப் பற்றிச் சொல்லவில்லை. பேப்பரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று மருமகன் முன்னமே வந்து பார்த்திருந்தான். வண்டியை எடுக்கப்போகிற அன்று காலை, அரூரில் ஒரு விசேஷம் என்று சொல்லி மாதேஷை பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கியபோது உசேன் பாய் வாசலுக்கு ஓடிவந்தார். மாதேஷ் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு கிட்டே வந்து தொங்கிக்கொண்டிருந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். கொட்டகைக்குள் ஜீப் கழுவித் துடைத்து நின்றது. மாதேஷ் அதைப் பார்த்தார், உசேன் பாயைப் பார்த்தார், கடைசியாகக் கோகிலவாணியைப் பார்த்தார். விசேஷம் எது என்று புரிந்துவிட்டது.

"யாரு ஓட்டறது?" என்றார் உசேன் பாய்.

"நான்தாங்க பாய்" என்றாள் அவள்.

உசேன் பாயின் மனைவி அமீருன்னிசா டீ கொண்டுவந்து கொடுத்தாள். மாதேஷ் வலது கையால் பானெட்டைத் தொட்டார். நடந்து பின்பக்கம் போய், தான் தைத்த கூரையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் சந்தோஷமா என்று கோகிலவாணி தேடித் தேடிப் பார்த்தாள். சிரித்தார்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாக இருந்தது அது. ஆச்சரியத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

உசேன் பாய் பக்கத்துக் காலி மனையில் அவளை ஓட்டச்சொல்லிப் பார்த்தார். ஸ்டியரிங் கல்லாக இருந்தது. கிளட்ச்சை மிதிக்க இடுப்பிலிருந்து பலம் வேண்டியிருந்தது. "செகண்டு கியரு கொஞ்சம் அடம் புடிக்கும்மா. தள்ளாத. கேட்டு வாங்கணும்" என்றார். மாதேஷ் பக்கவாட்டில் சாய்ந்து விழாமல் இருக்க ஒரு பழைய பெல்ட்டை சீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவரும் அமீருன்னிசாவும் வாசலிலேயே நின்றார்கள்.

மொரப்பூர் வரை எப்படியோ வந்துவிட்டாள். ஊருக்குள், ஸ்டேஷன் பக்கம் திரும்புகிற இடத்தில், எதிரே டவுன் பஸ் வர, வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றப்போனாள். செகண்டு விழவில்லை. கியர்ப் பல் நறநறவென்று கடித்தது. வண்டி நடு ரோட்டில் குலுங்கி நின்றுவிட்டது. பஸ்காரர் ஹாரனில் கை வைத்தபடி இருந்தார். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டார்ட் செய்தாள், மறுபடி நின்றது. கழுத்தெல்லாம் வியர்க்க, மறுபடி கியர்க் கம்பியைப் பிடித்து அழுத்தினாள்.

மாதேஷின் வலது கை மெல்ல வந்து கியர்க் கம்பியின் மேல், அவள் கையை ஒதுக்கிவிட்டு, உட்கார்ந்தது.

"நீ கிளட்ச்ச மட்டும் மிதி" என்றார்.

மிதித்தாள். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் "ம்" என்றார், மிதித்தாள், அடுத்த கியர் விழுந்தது. மொரப்பூரைத் தாண்டி கம்பைநல்லூர் ரோட்டில் ஏற்றத்தில், இறக்கத்தில், லாரிக்குப் பின்னால், ஆட்டு மந்தைக்கு நடுவில், அவள் காலும் அவர் கையுமாக வண்டி ஓடியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து இப்படி ஒரு வேலை செய்தது அவளுக்கு நினைவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தளம் ஆறு மாதம் தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதானே.

கம்பைநல்லூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். அவர் இறங்கி ஏறுவது சிரமம் என்று டீயை வாங்கிவந்து வண்டியிலேயே கொடுத்தாள். அவர் பாதி குடிக்கும்வரை பொறுத்துவிட்டு, அன்றைக்கு வாசலில் வைத்துத் தான் பேசியதைப் பற்றிக் கேட்டாள். கோபம் வரவில்லையா என்று கேட்டாள்.

"வந்துச்சு" என்றார். "வண்டிய வுட்டுட்டு பஸ்ஸுல வர்றப்பவே போயிருச்சு. கோவம் போனப்ப ஆசையும் கூடவே போயிருச்சு வாணி. அப்புறம் நானே தேடிப் பாத்தேன். கெடைக்கல."

"அப்புறமும் மலைக்குப் போனீங்களே?"

"கூப்ட்டாங்க, போனேன்."

"பின்ன தெனமும் போன்ல ஜீப்பத்தானே பாக்கறீங்க" என்று கேட்டபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

மாதேஷ் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"ஜீப்பப் பாக்கல. அந்த ஆளு ரெண்டு கையாலயும் வேல செய்யறான் பாரு. போல்ட்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டு இன்னொரு கையில முடுக்கறான். அதத்தான் பாப்பேன்."

கோகிலவாணி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே கஷ்டமாகிவிட்டது போலிருக்கிறது. "அப்ப வாங்கியிருந்தா ஒன்ன ஒரு நாளும் ஓட்ட வுட்டிருக்கமாட்டேன். அதுக்கு இது பரவால்ல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். கடைக்காரர் கிளாஸைக் கேட்டு வந்து வாங்கிக்கொண்டு போனார். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். அதற்குப் பிறகு காரிமங்கலம் வரை "ம்" என்ற சத்தமும் எஞ்சின் சத்தமும்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக் குள்ளம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்தாள். மாதேஷு, கடைசியில ஜீப்பு வாங்கிட்டியே என்று ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள். அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, கூரை தான் தைத்தது என்று காட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் வண்டியின் கதையைச் சொன்னார். பார்த்தவர்கள் அவரைப்போலச் சந்தோஷப்பட்ட மனுஷன் உண்டா என்றுதான் நினைத்திருப்பார்கள். கோகிலவாணி உள்ளே போய்ச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

விற்றுவிடலாமா என்று ஒரு தடவை கேட்டாள். எதுக்கு, இருக்கட்டும் என்றார். ஜீப் இருக்கிறது. சந்தியா வரும்போதெல்லாம் அதன் பக்கத்தில் அப்பாவை நிறுத்திப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பஞ்சப்பள்ளி அணை வரையோ, பாலக்கோடு வரையோ போய்வருகிறார்கள். அவர் ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. அன்று காலையில் சீக்கிரமே எழுந்து, ஒற்றைக் கையால் ஒவ்வொரு பட்டனாகப் போட்டு முடித்து, தலைவாரித் தயாராக உட்கார்ந்திருப்பார். அவளுக்காகத்தான் வருகிறார் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு வேண்டாங்க, வீட்டிலேயே இருப்போம் என்று சொல்லிவிட வாய்வரை வரும். சொன்னால் அதற்கும் சரி என்பார். அதனால் ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள்.