மதகு இறக்கத்தில் குதித்தவள்

மூன்றாம் வகுப்புக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பெயர்கள் முடிவதற்குள் தாடை நின்றுவிட்டது. வலி இல்லை. மழைக்காலத்துக் கதவு நிலையில் சிக்குமே, அப்படி ஒரு பிடிப்பு மட்டும். கடைவாய்ப் பல் முளைக்கிறது என்று நினைத்து, வீட்டுக்கு வந்து கிராம்புத் தைலம் தடவிக்கொண்டேன்.

மறுநாள் காலை வேர்க்கடலையை மெல்ல முடியவில்லை. கழுத்தும் விறைத்திருந்தது. கையில் மாவுக்கட்டோடு சமையலறையில் நின்ற அண்ணி என்னைப் பார்த்து, "இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, பல் தெரிய, வேறு யாருடைய சிரிப்போ என் முகத்தில் இருந்தது. அப்போதுதான் பயந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஓரிக்கை என்ற ஊரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். அண்ணன் விவசாயி. முன்கோபக்காரர், ஆனால் அன்று வயலை அப்படியே போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்க ஒரு தட்டைக் குச்சியை வாய்க்குள் விட்டார். என் பற்கள் அதைக் கவ்விக்கொண்டன. நான் கவ்வவில்லை, அவை தாமே கவ்வின. டாக்டர் குச்சியை விட்டுவிட்டு என் பாதங்களைப் பார்த்தார்.

"கால்ல எங்கனா அடிபட்டுதாம்மா?"

வலது உள்ளங்காலில் பொருக்குத் தட்டிய ஒரு சின்னக் காயம் இருந்தது. எட்டு நாள் ஆகியிருந்தது. எப்படிப் பட்டது என்று அண்ணன்தான் சொன்னார்: ஜட்கா கவிழ்ந்தது, ரோட்டில் விழுந்தாள். டாக்டர் தலையை ஆட்டினார். ரணஜன்னி (காயத்தின் வழியே போகும் கிருமியின் விஷத்தால் உடம்பின் தசைகள் விறைத்து இழுக்கும் நோய்) என்றார். அந்தக் கிருமி குதிரைச் சாணம் விழுந்த மண்ணில் நிறைய இருக்குமாம். அன்றே கழுவித் தடுப்பூசி போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். நான் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தேன். அண்ணியின் கை ஒடிந்திருக்கும்போது என் காலைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது.

இனி சொல்லப்போவதைத்தான் நான் இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன்.

ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். முன்பாரம் கூடினால் குதிரையின் முதுகை அழுத்தும், பின்பாரம் கூடினால் குதிரையையே தூக்கும். அதனால் ஏறும் ஆளின் உடம்பைப் பார்த்து வண்டிக்காரர் இடம் சொல்லுவார். அன்று அண்ணியும் நானும் ரைஸ் மில்லுக்கு இரண்டு மூட்டை நெல்லோடு புறப்பட்டோம். வண்டி பாஷா பாயுடையது. குதிரையின் பெயர் மோத்தி. மூட்டைகளை முன்னால் போட்டு, அண்ணியை அவற்றின் மேல் சாய்த்து உட்காரவைத்து, என்னைக் கடைசியில் படி ஓரம் உட்காரச் சொன்னார். வீட்டில் நான்தான் கனத்த ஆள். அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.

மதகு தாண்டி இறக்கத்தில் வரும்போது பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. மோத்தி காதை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. பாஷா பாய் திரும்பாமலே, "ஆடாதீங்கம்மா, அப்பிடியே குந்துங்க" என்றார். லாரி என் முழங்காலுக்கு அருகில் வந்துவிட்டதுபோல இருந்தது. நான் குதித்துவிட்டேன்.

என் கனம் போனதும் முன்பாரம் முழுவதும் குதிரையின் மேல் இறங்கியது. மோத்தி முன்னங்கால் மடங்கி விழுந்தது. மூட்டை அண்ணியின் கைமேல் உருண்டது. லாரி நிற்கவே இல்லை.

வண்டியை வேகமாக விரட்டியதால்தான் விபத்து என்று அண்ணன் முடிவு கட்டினார். போலீசில் கொடுக்க மனு எழுதச் சொன்னார். வீட்டில் மனு எழுதத் தெரிந்தவள் நான்தான். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சந்திப்பிழை இல்லாமல் எழுதினேன். போலீசார் பாஷா பாயின் வண்டி ஓட்டும் பேட்ஜைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வண்டி ஓட்டக் கூடாது. எட்டு நாள் எனக்கு நன்றாகப் பேச்சு வந்தது. அண்ணியின் கையைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட நினைத்தேன். சொன்னால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிடுவது என்று ஒத்திப்போட்டேன். நோய் எனக்குக் கிடைத்த தண்டனை என்று நான் நினைக்கவில்லை. கிருமிக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் அந்த எட்டு நாளும் என் கையில் இருந்தன.

என்னை ஓர் அறையில் போட்டு ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். காயத்தைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். முக்கியமான மருந்து சீரம் (நோய் விஷத்தை முறிக்கும், இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர்). முதலில் ஒரு துளியைத் தோலுக்குள் குத்தி, உடம்பு ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு போட்டார்கள். அது குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பது என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நரம்பில் ஏற்கெனவே பிடித்துக்கொண்ட விஷத்தை எந்த மருந்தும் எடுக்காது, அது தானாக விடும்வரை இவள் தாங்கவேண்டும் என்றும் சொன்னார்.

இந்த நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்கு நினைவு தப்புவதில்லை. பக்கத்தில் பேசுவதெல்லாம் கேட்கும். அண்ணன் என் கட்டில் ஓரத்தில் நின்று, "இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த பாயை உள்ள தள்ளாம விட மாட்டேன்" என்றார். நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். உயிர் போவதைவிட, இதைச் சொல்லாமல் போவதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

இந்த நோய்க்குச் சத்தம் ஆகாது. ஒரு டம்ளர் கீழே விழுந்தால் போதும், உடம்பு வில்லாக வளையும். முதுகெலும்பு ஒடிகிறதோ என்று இருக்கும். மூச்சு நிற்கும். பிறகு விடும். எஸ்தர் என்ற நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டுக்கு அடியில் பஞ்சு வைத்து எடுத்து வருவாள். அவளால் தடுக்க முடியாதது வாசல் பக்கத்துச் சத்தம். நோயாளிகளை ஏற்றி வரும் ஜட்காக்கள் என் ஜன்னலை ஒட்டித்தான் திரும்பும். சலங்கையும் குளம்பும் நெருங்க நெருங்க, வளையப்போவது தெரிந்துகொண்டே காத்திருப்பேன். ஹாரன் கேட்ட மோத்தியை அப்போது புரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாளிலிருந்து சலங்கைச் சத்தம் நின்றுவிட்டது. எப்படி என்று நான் கேட்க முடியாது. ஒரு வாரம் கழித்து எஸ்தரே சொன்னாள்.

"ஒரு பாய் ஆஸ்பத்திரி கேட்டாண்டயே நின்னுக்கினு இருக்காரு டீச்சர். உங்களுக்குச் சத்தம் ஆகாதுன்னு கேள்விப்பட்டாராம். வர்ற வண்டிய எல்லாம் நிறுத்தி, சலங்கைய அவுக்கச் சொல்லி, குதிரையக் கையில புடிச்சி நடத்தி அனுப்புறாரு. காலைல வந்தா பொழுது சாயற வரைக்கும்."

இழுப்புகள் குறைய இன்னும் பத்து நாள் ஆயிற்று. டாக்டர் தினமும் என் பற்களுக்கு நடுவே விரல் வைத்து அளப்பார். அரை விரல், முக்கால் விரல். ஒரு விரல் நுழைந்த அன்று அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நான் குதிச்சேன்" என்றேன். அவர் என் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். ஜுர வேகத்தில் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் எஸ்தரிடம் காகிதமும் பென்சிலும் வாங்கி நடந்ததை எழுதினேன். பாதிப் பக்கத்துக்கு அரை நாள் பிடித்தது. எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடையதுபோல இருந்தது. அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார். பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அண்ணி மட்டும், "அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல" என்றாள். அவளுடைய ஒரு கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. மற்றக் கையால் என் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். பாஷா பாய் அங்கே நின்றார். சட்டையில் பேட்ஜ் இருந்தது. மோத்தியின் முட்டி சரியாகவில்லை, இனி வண்டிக்கு ஆகாது, வீட்டில் கட்டிப் புல் போடுகிறேன் என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குதித்தது நான்தான் என்று, எழுதிக்கொடுத்ததையே வாயாலும் சொன்னேன்.

"தெரியும்மா. இருபது வருசமா ஓட்டிக்கினு இருக்கேன். பின்னாடி கனம் போனா எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் பாய் நீங்க சொல்லல?"

"நான் சொன்னா எவன் கேப்பான்? நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. நீங்களே சொன்னாத்தான் உண்டு." வாசலைக் கையால் காட்டினார். "அதான் இங்க நின்னேன். நீங்க போயிட்டா, அப்புறம் அதைச் சொல்ல ஆளே கிடையாது."

அதுவரை, அவர் வாசலில் நின்றது பெரிய மனசால் என்று எண்ணி, இருட்டறையில் எத்தனையோ முறை உருகியிருக்கிறேன். அந்த வார்த்தை சுருக்கென்று குத்தியது. பிறகு யோசித்தால், அதில் எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. வெறும் கருணையாக இருந்திருந்தால் நான் எப்படித் தாங்கியிருப்பேன்? நான் பிழைப்பது எனக்கு மட்டும் வேண்டியதாக இல்லை. என் வாய் திறக்குமா என்று வெயிலில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

என் வாய் இன்றும் முழுதாகத் திறப்பதில்லை. இரண்டரை விரல். கொட்டாவி விட்டால் தாடையில் ஒரு சொடுக்குக் கேட்கும். பின்னால் ஹாரன் அடித்தால் நான் நினைப்பதற்கு முன்பே முதுகு விறைத்துக்கொள்கிறது, அது என் சொல் கேட்பதில்லை என்று நானும் விட்டுவிட்டேன். காலில் கீறல் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஊசிக்குப் போய்விடுவேன். நீங்களும் போங்கள். யாரிடமாவது சொல்லவேண்டியது இருந்தால் அதையும் அன்றே சொல்லிவிடுகிறேன். இன்னும் எட்டு நாள் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுவதில்லை.