கைக்குப் போகும் பந்து

பூந்தமல்லியில் துரைமார்களின் கிளப் ஒன்றில் நான் மார்க்கராக இருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு துரைகளோடு டென்னிஸ் ஆடிக் கொடுப்பவன்தான் மார்க்கர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்று, பந்து பொறுக்கப் போய், அப்படியே மட்டை பிடித்தவன் நான். ஆட்டத்தைத் தொழிலாக வைத்துக்கொள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது வேறு வழி இல்லை.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. பந்து இடுப்பு உயரத்தில், துரையின் மட்டைக்கு நேராகப் போக வேண்டும். அவருக்கு வியர்க்கலாம், மூச்சு வாங்கக் கூடாது. தப்பித் தவறி எட்டாத இடத்தில் விழுந்துவிட்டால் உடனே 'சாரி சார்' சொல்லிவிட வேண்டும்.

என்னிடம் ஆட்டம் பழகியவர்களில் ஒருவன் தகரப் பெட்டி செய்யும் சாயபுவின் மகன். மீசை அரும்புவதற்குள் என்னைவிட நன்றாக ஆடினான். பட்டணத்துப் பெரிய கிளப் ஒன்றில் மார்க்கர் வேலை காலியானபோது அவனைத்தான் அனுப்ப நினைத்தேன். அங்கே சேர்ந்தால் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகலாம், பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடலாம். இல்லாவிட்டால் என்னைப் போல இங்கேயே முட்டி தேய வேண்டியதுதான். அந்த ஒரு வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். அவர்களுக்குள் ஆட்டம் வைத்து, ஜெயித்தவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

துரைகள் வருமுன் காலையில் அவனைப் பழக்கினேன். நான் இல்லாத பக்கம் அடிக்கச் சொன்னால், பந்து என் கைக்கே வந்தது.

"நான் இன்னா ஒன் மாமனாராடா, பாத்து பாத்து போடறதுக்கு?"

"கை அங்கதான் போவுதுண்ணாத்தே. நீ வேற முட்டி நோவுதுன்ற. ஒன்ன எப்டி ஓட வுடறது?"

ஆட்டத்தன்று, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ் பிடித்துப் பட்டணம் போனோம். எதிராளி பட்டணத்துக்காரர், என் வயது இருக்கும். முதல் செட் முழுவதும் இவன் பந்தை அவர் மட்டைக்கே அனுப்பிக்கொண்டிருந்தான். அவர் வலையருகில் வந்து, "இன்னா மாமே, விருந்து வெக்கிறியா?" என்றார். பிரம்பு நாற்காலிகளில் சிரிப்பு. செட் போனது.

துரைகள் முன் வாய் திறக்காதவன் நான். அன்று தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கோர்ட்டுக்குள் போனேன்.

"அவுரு தொரை இல்லடா. நம்பளமாரி பந்து பொறுக்குனவரு. தள்ளிப் போடு."

இரண்டாவது செட்டில் பந்து கோட்டோரங்களில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவன் வாயிலிருந்து 'சாரி சார்' வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், எதிராளியைத் தவிர. அந்த செட் இவனுக்கு.

கடைசி செட்டில் இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் வேலை இவனுக்குத்தான் என்றிருந்தபோது, எதிராளிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஆட்டத்தை விட்டால் வேலை போய்விடும் என்பதால் அவர் விடவில்லை. காலைத் தேய்த்துவிட்டு நொண்டியபடியே நின்றார். அதற்குப் பிறகு இவன் அடித்த பந்தெல்லாம் இடுப்பு உயரத்தில், அவர் மட்டைக்கு நேராகப் போயின. நின்ற இடத்திலிருந்தே அவர் மூலைக்கு மூலை அடித்தார். நான் எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். வேலை அவருக்குக் கிடைத்தது.

திரும்பும்போது பஸ் மதுரவாயல் தாண்டியது. அவனாகவே சொன்னான்.

"கால் இழுத்துகிச்சுண்ணாத்தே அவுருக்கு. எப்டி அடிக்கறது?"

அது அவன் மனசா, நான் பழக்கிய கையா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டேன். ஊர் வரும் வரை எடுக்கவில்லை.

மறுநாள் அவன் வர மாட்டான் என்றிருந்தேன். எனக்கு முன்பே வந்து கோர்ட்டில் உருளை இழுத்து, கோடு போட்டு வைத்திருந்தான். மட்டையை எடுக்கச் சொன்னான். அவன் அடித்த முதல் பந்து இடது மூலையில் போய் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். 'சாரி சார்' வரவில்லை. அடுத்த பந்தை வலது மூலைக்கு அடித்தான்.

முட்டி வலித்தது. ஓடினேன்.